கோச்சி மாமா பதில்கள்: நோர்ஃபோக்கில் மூன்று மாதம்

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான நான், சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மூன்று மாதம் மகள் வீட்டில், இங்கிலாந்தின் நோர்ஃபோக் மாவட்டத்தில் இருந்துவிட்டு வந்தேன், அங்கே பேரனைப் பார்த்ததைவிடக் கோச்சிகளைப் பார்த்ததுதான் அதிகம் என்று. மகள் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தொலைபேசி எடுக்கவில்லை. வாசகர்கள் மட்டும் விடவில்லை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். யாழ்தேவி ஆசனப் பதிவு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர். எம்., வெள்ளவத்தை: நோர்ஃபோக் எங்கே இருக்கிறது மாமா? லண்டன் தெரியும், மான்செஸ்டர் தெரியும், இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கோச்சி போகுமா?

போகும். வரைபடத்தில் லண்டனுக்கு வடகிழக்கே பாருங்கள். கடலுக்குள் தொந்தி தள்ளிக்கொண்டு நிற்கிறதே ஒரு நிலம், அதன் மேற்பாதிதான் நோர்ஃபோக். வயல், சதுப்பு, தேவாலயக் கோபுரம், மறுபடியும் வயல். நம் கிளிநொச்சி மாதிரித் தட்டையான பூமி. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஏறினால் மாவட்டத்தின் தலைநகரான நொரிச்சுக்கு ஏறத்தாழ 115 மைல். கோட்டையிலிருந்து அநுராதபுரம் போவதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறான். எனக்கு ஜன்னலோர ஆசனம் கிடைத்தும் ஒன்றும் ஆறுதலாகப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு வேகம்.

நொரிச்சில் இறங்கினால்தான் சுவையே ஆரம்பம். அங்கிருந்து சின்னச் சின்னப் பாதைகள் பிரிகின்றன. வடக்கே கடற்கரைக்குப் போவது பிட்டன் லைன். பிட்டன் என்றால் நாணலுக்குள் மறைந்து நிற்கும் ஒரு கொக்கு இனம். கிழக்கே யார்மத், லோஸ்டொஃப்ட் துறைமுகங்களுக்குப் போவது வெரி லைன். அந்தக் காலத்தில் அங்கத்தைய ஆறுகளில் சரக்கு ஏற்றித் திரிந்த பாய்வள்ளத்துக்கு வெரி என்று பெயர். பறவை பெயரும் வள்ளத்தின் பெயரும் வைத்துக் கோச்சி ஓட்டுகிறவர்களை எனக்கு உடனே பிடித்துவிட்டது. மேற்கே இருக்கும் கிங்ஸ் லின் ஊருக்கு மட்டும் லண்டன் கிங்ஸ் குரொஸ் ஸ்டேஷனிலிருந்து தனிப்பாதை.

நொரிச்சுக்கும் யார்மத்துக்கும் 1844இலேயே பாதை போட்டுவிட்டார்கள். நம் கொழும்பு - அம்பேபுஸ்ஸ பாதையில் முதல் வண்டி ஓடியது 1864இல். இருபது வருடந்தான் இடைவெளி, நாம் அவ்வளவு பிந்தியவர்கள் இல்லை.

ஊர்ப் பெயர்களில் மட்டும் கவனம். எழுத்தைப் பார்த்து ‘வைமொண்ட்ஹம்’ என்று ரிக்கெட் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக “விண்டமா?” என்றாள். நம் யாழ்ப்பாணத்தை ஜஃப்னா ஆக்கியவர்கள் தங்கள் ஊர்களையும் விட்டுவைக்கவில்லை.

திருமதி எஸ். பி., பம்பலப்பிட்டி: அங்கே ‘பாரம்பரிய ரயில்’ என்று நீராவிக் கோச்சிகள் ஓடுகின்றனவாமே. அரசாங்கம் நடத்துகிறதா? நட்டம் வராதா?

அரசாங்கம் கைவிட்டதால்தான் அவை இருக்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் புரியும்.

நோர்ஃபோக்கின் வடபகுதி முழுவதும் ஒரு காலத்தில் மிட்லண்ட் அண்ட் கிரேட் நோர்தர்ன் கூட்டு ரயில்வேயின் ராச்சியம். இரண்டு பெரிய கம்பனிகள் கூட்டாக நடத்திய பாதை. பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். பெயரின் முதலெழுத்துகளை வைத்து, “குழம்பிக் குழம்பி எங்கும் போய்ச் சேராதது” என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். கேலி செய்தவர்களே கோடை வந்தால் பிள்ளைகுட்டிகளோடு அதில் ஏறித்தான் யார்மத் கடலுக்குப் போனார்கள். மெல்டன் கொன்ஸ்டபிள் என்ற சின்னக் கிராமம் அந்தப் பாதையின் இரத்மலானை. எஞ்சின் பட்டறை, ஊழியர் வீடுகள், நாலு திசைக்கும் பிரியும் சந்தி எல்லாம் அங்கேதான். அங்கே பொறியியலாளராக இருந்த வில்லியம் மரியட் என்பவர் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர்க் கட்டையையும் கைகாட்டிக் கம்பத்தையும் கொன்கிறீட்டில் வார்க்கத் தொடங்கியவர். மரக்கட்டை உக்கிப்போகிற கவலையை அனுபவித்தவனுக்குத்தான் அந்த மனிதனின் அருமை தெரியும்.

1959 பெப்ரவரி 28ஆம் திகதியோடு இந்தப் பாதையின் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். இங்கிலாந்தில் கோச்சிகளைக் கொன்றவர் பீச்சிங் என்று அங்கே சின்னப்பிள்ளையும் சொல்லும். பாதைகளை மூடச் சொன்ன அவருடைய அறிக்கை வந்தது 1963இல். அதற்கு நாலு வருடம் முன்பே நோர்ஃபோக்கில் செத்தவீடு முடிந்துவிட்டது. லொறியும் காரும் பெருகின, ஒற்றைப் பாதையில் செலவு கூட, ஆட்கள் குறைவு. காரணம் அவ்வளவுதான். ஷெரிங்கம் என்ற ஊர்ப் பக்கத்துத் துண்டு மட்டும் 1964 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது.

மூடின அதே 1959இல் ஒரு கூட்டம் சேர்ந்து சங்கம் அமைத்தது. எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் ஷெரிங்கத்திலிருந்து ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1975இல் பொதுமக்களுக்காக மறுபடி கோச்சி ஓடியது. 1989இல் ஹோல்ட் வரை நீட்டினார்கள். மொத்தம் ஐந்தேகால் மைல்! கோட்டையிலிருந்து தெகிவளைக்குப் போகிற தூரம்தான். அதற்கு முப்பது வருடம்.

ஹோல்ட் ஊருக்குள்ளே அவர்களால் போக முடியவில்லை. பழைய பாதையின் மேல் புறவழி வீதி வந்துவிட்டது. ஆகவே ஊருக்கு ஒரு மைல் இப்பால் ஸ்டேஷன். கட்டடம் வேண்டுமே? ஸ்டாலம் என்ற வேறோர் ஊரில் கைவிடப்பட்டுக் கிடந்த ஸ்டேஷன் கட்டடத்தைக் கல்கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே அடுக்கிவிட்டார்கள். நான் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தேன். இடம்பெயர்ந்து வந்து இன்னோர் ஊரில் குந்தியிருக்கும் வீடு. நமக்குப் பழக்கமில்லாத கதையா என்ன.

யார் நடத்துகிறார்கள் என்று கேட்டீர்கள். சம்பளத்துக்குச் சிலர் உண்டு. ஆனால் நான் பேசிய எட்டுப் பேரில் ஏழு பேர் சும்மா வந்து வேலை செய்பவர்கள். ஷெரிங்கத்தில் எஞ்சினின் பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். “இங்கே என்ன கிடைக்கும்?” என்று கேட்டேன். “தேநீர்” என்றார். “நல்ல தேநீரா?” என்றேன். “இல்லை” என்றார்.

நட்டம் வராமல் பார்ப்பது லேசில்லை. நிலக்கரியையே எடுங்கள். இந்தப் பாரம்பரியப் பாதைகளுக்குப் பொருத்தமான கரி வேல்ஸ் நாட்டில் ஒரு சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 2023இல் அந்தச் சுரங்கம் நின்றுவிட்டது. நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்த தேசம் இப்போது கப்பலில் கரி இறக்கி நீராவிக் கோச்சி ஓட்டுகிறது. ரிக்கெட்டும் மலிவில்லை. நான் கொடுத்த பவுணை ரூபாயாக்கிப் பார்க்க வேண்டாம் என்று மகள் முன்கூட்டியே சத்தியம் வாங்கிவிட்டாள். ஆனாலும் மனக்கணக்கை யார் நிறுத்துவது.

ஒன்று சொல்ல வேண்டும். கோச்சி ஹோல்டுக்குப் போகிற ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள். 80 அடிக்கு ஒரு அடி ஏற்றம். நம் மலையகப் பாதையில் 44 அடிக்கு ஒரு அடி. நான் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளி.

ஜே. எஃப்., கொட்டாஞ்சேனை: என் தங்கை குடும்பம் லண்டனில். ஒவ்வொரு வருடமும் வால்சிங்கம் மாதா கோயில் யாத்திரைக்குப் பஸ் பிடித்துப் போகிறார்கள். அதுவும் நோர்ஃபோக்தானே? கோச்சியில் போக முடியாதா?

நோர்ஃபோக்தான். ஜூலை மாதத்தில் தமிழர் யாத்திரை என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் கூடுவார்கள். மடு திருவிழாவில் ஒரு துண்டை வெட்டி இங்கிலாந்து வயலுக்குள் வைத்த மாதிரி. சமையல் சட்டி, பாய், பிள்ளைகள், தமிழ்ப் பாட்டு. நான் சைவக்காரன், ஆனாலும் மகளின் பக்கத்து வீட்டுக்காரரோடு போனேன். கச்சான் விற்காத குறை ஒன்றுதான்.

1061இல் மாதா காட்சி கொடுத்த இடம் என்பது நம்பிக்கை. கத்தோலிக்கர் கூடும் சிறிய சிற்றாலயம் ஊருக்கு ஒரு மைல் வெளியே. அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மீதி ஒரு மைலை வெறுங்காலோடு நடப்பது பழைய வழக்கம். எட்டாம் ஹென்றி அரசனே அப்படி நடந்தானாம். பிறகு ஊருக்குள் இருந்த மாதா கோயிலை அவனேதான் இடித்தும் போட்டான்.

சரி, கோச்சி. ஒரு காலத்தில் வால்சிங்கத்துக்கே கோச்சி வந்தது. 1964இல் பயணிகள் சேவை நின்றது. பழைய ஸ்டேஷன் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். அது இப்போது ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர்களின் சிறு தேவாலயம். கூரையில் வெங்காயம் மாதிரி ஒரு குட்டிக் கோபுரம். ரிக்கெட் கொடுத்த இடத்தில் மெழுகுதிரி எரிகிறது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் என்ற முறையில் இதைவிட நல்ல கதி ஒரு ஸ்டேஷனுக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் தங்கைக்குப் பஸ்தான் வசதி. கோச்சியில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் கிங்ஸ் லின் அல்லது நொரிச் வரை போய், மீதிக்கு வேறு வாகனம் பார்க்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் இருந்தால் ஒரு யோசனை: யாத்திரைக்கு மறுநாள் தங்கி, பக்கத்திலுள்ள வெல்ஸ் என்ற கடலூருக்குப் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து வால்சிங்கத்துக்கு, மூடப்பட்ட அதே பாதையின் மேல், 1982 முதல் ஒரு குட்டிக் கோச்சி ஓடுகிறது. தண்டவாள அகலம் பத்தேகால் அங்குலம். உங்கள் முழங்கையை மடக்காமல் வைத்தால் தண்டவாளத்தைத் தாண்டிவிடும். நாலு மைல். அந்த அளவுத் தண்டவாளத்தில் உலகத்திலேயே நீளமான பாதை அதுதான் என்கிறார்கள்.

அதில் எனக்கு ஒரு இன்ப அதிர்ச்சி. எஞ்சின் கரட் வகை. நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் சக்கரக் கூட்டம், வளைவில் பாம்பு மாதிரி மடியும். மலையகத்தில் பாரம் இழுத்த கரட்டுகளைப் பற்றி என் மூத்த தலைமுறை ஊழியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அவை ஊதினால் ஹட்டன் அதிரும். இது என் இடுப்பு உயரம். கதவைத் திறந்து உட்காருகையில் முழங்கால் நாடியில் முட்டியது. பக்கத்தில் இருந்த ஆறு வயதுப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

என். ஜி., தெகிவளை: பதுளைக் கோச்சியில் போகும்போது ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெரிய வளையத்தை ட்ரைவரிடம் கொடுத்து இன்னொன்றை வாங்கினார். என்ன அது என்று மகன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இது நோர்ஃபோக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? இதுதான் நோர்ஃபோக் கேள்வி. நீங்கள் தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

அந்த வளையம் வெறும் பிடி. ஓடுகிற வண்டியில் இருந்து கையை நீட்டிக் கோர்த்து எடுப்பதற்காக. முக்கியமானது அதில் தொங்கும் தோல் பைக்குள் இருக்கிறது. வட்டமான உலோகத் தகடு, அதில் இரண்டு ஸ்டேஷன்களின் பெயர். நாங்கள் அதை டப்ளட் என்போம். விழுங்கும் குளிசையும் இல்லை, உங்கள் மகன் நோண்டும் டப்ளட்டும் இல்லை.

மலையகத்தில் ஒற்றைப் பாதை. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் இரண்டு கோச்சி எதிரெதிரே புகுந்துவிட்டால் கதை முடிந்தது. அதற்காக இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு இயந்திரப் பெட்டி, இரண்டையும் இணைத்து மின்கம்பி. பெட்டிகளுக்குள் தகடுகள் அடுக்கியிருக்கும். பட்டிப்பொலவில் இருக்கும் நான் ஒரு தகட்டை எடுக்க வேண்டுமென்றால் மணியடித்துக் கேட்க வேண்டும். ஒஹிய மாஸ்டர் அங்கிருந்து சம்மதித்து மின்சாரம் விட்டால்தான் என் பெட்டி திறக்கும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டதா, அவ்வளவுதான். அதைத் திரும்ப இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குள் போடும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வெளியே வராது. தலைகீழாக நின்றாலும் வராது. கையில் தகடு இல்லாமல் ட்ரைவர் அந்தத் துண்டுக்குள் போகக் கூடாது. ஒரு தகடு, ஒரு வண்டி. இவ்வளவுதான் விஷயம்.

நான் முப்பத்திரண்டு வருடம் அந்தத் தகட்டைக் கையில் பிடித்தவன். எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், விட்டுப்போனான் என்றுதான் நினைப்பு. நொரிச்சில் மகள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தோர்ப் என்ற இடம். ஆற்றங்கரை, படகுகள், வாத்துகள். ஒரு பின்னேரம் அங்கே பெஞ்சில் இருந்தபோது பக்கத்தில் இருந்த கிழவர், நான் யார் என்ன என்று விசாரித்துவிட்டு, “அப்படியென்றால் உங்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்க வேண்டுமே” என்றார்.

1874 செப்டெம்பர் 10, இரவு. நொரிச்சுக்கும் பிரண்டல் ஸ்டேஷனுக்கும் இடையில் அப்போது ஒற்றைப் பாதை. யார்மத் பக்கத்திலிருந்து தபால் கோச்சி பிரண்டலுக்கு வந்து நிற்கிறது. லண்டனிலிருந்து வந்த கடுகதி பிந்திவிட்டது. இரண்டில் எது முதலில் போவது என்பது நொரிச்சிலிருந்து தந்தியில் தீர்மானமாகும். தபால் கோச்சியை விடச் சொல்லிப் பிரண்டலுக்குத் தந்தி போகிறது. அந்தச் செய்தியை இரவு மேற்பார்வையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே அனுப்ப வேண்டும் என்பது விதி. கையெழுத்து விழவில்லை, தந்தி போய்விட்டது. போனது தெரியாமல் மேற்பார்வையாளர் கடுகதியையும் அனுப்பிவிட்டார். தெரிந்ததும் ஓடிப்போய், நிறுத்து என்று மறு தந்தி அடித்தார்கள். பிரண்டலிலிருந்து வந்த பதில்: தபால் போய்விட்டது.

அந்தப் பதில் வந்த பிறகு மோதல் நடக்கும்வரை அந்த அறைக்குள் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். செய்ய ஒன்றுமில்லை. கோச்சி கண்ணுக்கும் தெரியாது, கூப்பிட்டாலும் கேட்காது. தோர்ப்பில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மழை இருட்டில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள்.

எட்வர்ட் டயர் என்ற மின்பொறியாளர் இதைக் கேட்டபிறகு, மனிதன் மறந்தாலும் தவறாத ஒரு ஏற்பாட்டை யோசித்தார். 1878இல் அவருடைய டப்ளட் இயந்திரம் வந்தது. பிறகு எங்கெல்லாம் ஒற்றைப் பாதை உண்டோ அங்கெல்லாம் போனது. பட்டிப்பொலவுக்கும் வந்தது. பனியில் விறைத்த கையால் நான் இழுத்தது அந்த 25 பேரின் தகடு.

கிழவர் சொல்லி முடித்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. என் கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அதை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. ஓர் இரவு மழைக்கு இயந்திரம் பழுது. அப்படியான நேரத்தில் தொலைபேசியில் இரு ஸ்டேஷனும் பேசி, வழி வெளி, அதாவது பாதையில் வேறு வண்டி இல்லை, என்று கடதாசியில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது நாளாக நித்திரை இல்லை. எழுதிக் கொடுத்தேன். ட்ரைவர் விளக்கு வெளிச்சத்தில் ஆறுதலாகப் படித்தார். படித்துவிட்டு, “மாத்தயா, இது என் வண்டி இலக்கம் இல்லையே” என்று நீட்டினார். காலையில் போன வண்டியின் இலக்கத்தைக் கை தானாக எழுதியிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் படித்தார், அதனால் நடக்கவில்லை. அடுத்த நாள் அவருக்கு ஒரு பெட்டி தேயிலை கொடுத்தனுப்பினேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: அடுத்த முறை போகும்போது ட்ரைவர் பையைத் திறந்து தகட்டில் உள்ள பெயரைப் பார்க்கிறாரா என்று கவனிக்கட்டும். பார்க்க வேண்டும். அது விதி.

கே. வி., கொள்ளுப்பிட்டி: அம்மா அப்பா இருவரும் மகன் வீட்டுக்கு லண்டன் போகிறார்கள். வயது 67, 71. ரயில் கட்டணத்தில் சலுகை உண்டா?

உண்டு. 60 வயதானவர்களுக்கு சீனியர் ரயில்கார்ட் என்று ஒன்று விற்கிறார்கள். அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, கடவுச்சீட்டைக் காட்டி வயதை உறுதிப்படுத்தலாம். பெரும்பாலான பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு தூரப் பயணம் போனாலே போட்ட காசு வந்துவிடும். தூரப் பயணத்துக்கு ரிக்கெட்டை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள். அன்றன்று ஸ்டேஷனில் போய் எடுத்தால் நெஞ்சு வலிக்கும். ஆனால் முன்கூட்டி எடுத்த மலிவு ரிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டுந்தான் செல்லும். தவறவிட்டால் கடவுளே துணை.

பி. எல்., கொழும்பு 13: அங்கே போய் வழி தவறினீர்களா?

வழி தவறவில்லை. வழியே இல்லாத இடத்தில் இறங்கினேன்.

வெரி லைனில் பேர்னி ஆர்ம்ஸ் என்று ஒரு தரிப்பிடம். 1844இல் பாதை போட நிலம் விற்ற பேர்னி என்பவர், இங்கே என்றென்றைக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் விற்றார். ஆகவே இன்றும் இருக்கிறது. அந்த இடத்துக்கு வீதி கிடையாது. சுற்றிவரச் சதுப்பு நிலம், மாடுகள், தூரத்தில் உயரமான ஒரு காற்றாலை. மேடை ஒரு பெட்டிக்குத்தான் போதும். இறங்குகிறேன் என்று கார்டிடம் முன்பே சொல்ல வேண்டும். ஏறுவதற்குக் கையைக் காட்ட வேண்டும், நம் பஸ்ஸை மறிக்கிற மாதிரி. கார்ட் என்னை மேலும் கீழும் பார்த்து, திரும்பிப் போகும் வண்டி எத்தனை மணிக்குத் தெரியுமா என்று கேட்டார். முப்பத்திரண்டு வருடம் நேர அட்டவணையோடு குடும்பம் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா என்று நினைத்துக்கொண்டு, “தெரியும்” என்றேன். நான் பார்த்து வைத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை அட்டவணை. அன்று சனி. மூன்றரை மணி நேரம் மாடுகளோடு இருந்தேன். மகளுக்கு இன்றுவரை சொல்லவில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

டி. எஸ்., ஹட்டன்: நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடிய சின்னக் கோச்சியைப் பற்றி எங்கள் தாத்தா சொல்வார். நோர்ஃபோக்காரர் செய்தது போல அதை நாம் திரும்ப ஓட்ட முடியாதா?

உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம். இரண்டரை அடி அகலப் பாதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, 1940களில் போய்விட்டது. தேயிலை கொண்டுபோகத்தான் போட்டார்கள், லொறி வந்ததும் கைவிட்டார்கள். நோர்ஃபோக் கதையேதான், பத்து வருடம் முன்னால்.

மனம் நோகாமல் சொல்வதென்றால், ராகலைப் பாதை முழுவதும் இனிக் கஷ்டம். நோர்ஃபோக்காரர் பிடித்தது தண்டவாளம் கிளப்பப்படாத துண்டை. அப்படியும் ஹோல்டில் வீதி குறுக்கே வந்து நிற்கிறது என்று சொன்னேனே. ராகலைப் பாதையில் இன்று வீதி, தோட்டம், லயம் எல்லாம் வந்தாயிற்று. ஒரு கோச்சிக்காக லயத்தில் இருப்பவர்களை எழுப்புவது பாவம். நமக்கு நல்ல சந்தர்ப்பம் இருந்தது களனிவெளியில். அங்கே சின்னப் பாதை 1990கள் வரை உயிரோடு இருந்தது. அதை அகலமாக்கியது சரிதான், ஆயிரம் பேர் தினமும் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு மூன்று மைலைப் பக்கத்தில் விட்டுவைத்திருக்கலாம் என்பது என் பொருமல்.

பணம் பெரிய தடை என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய எஞ்சின்கள் நம்மிடம் உண்டு, கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் நூதனசாலையில் போய்ப் பாருங்கள். நம்மிடம் இல்லாதது சனிக்கிழமை தோறும் வந்து பித்தளை துடைக்கிற பல் வைத்தியர். கோயில் திருவிழா என்றால் நம் ஆட்கள் விடிய விடிய நின்று சிரமதானம் செய்கிறார்கள், யாரும் கூலி கேட்பதில்லை. அதே ஆள் அரசாங்கத்தின் ஸ்டேஷனில் ஒரு குப்பையைக் குனிந்து எடுக்கமாட்டார். அது யாருடையதோ என்ற நினைப்பு. அங்கே ஒரு பாதையை அரசாங்கம் கைவிட்ட பிறகுதான் மக்கள் அது தங்களுடையது என்று கண்டுபிடித்தார்கள். நம்முடையவற்றைக் கைவிடாமலே கண்டுபிடிக்க வழி இருந்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

எய்ல்ஷம் என்ற ஊரில் இன்னொரு வழி கண்டேன். 1990இல் தொடங்கிய பதினைந்து அங்குலப் பாதை, ஒன்பது மைல். பழைய பெரிய பாதையின் அகலம் அப்படியே இருந்ததால், பாதியில் குட்டிக் கோச்சி, மறுபாதியில் சைக்கிளும் நடையும். கோச்சியில் நான், பக்கத்தில் சைக்கிளில் பேரன். யார் முதலில் போனது என்று கேட்காதீர்கள்.

எம். எஃப். ஆர்., மருதானை: எஞ்சின் ஓட்டிப் பார்க்க விட்டார்களா?

காசு கட்டினால் ஒரு நாள் பயிற்சி தந்து ஓட்டவும் விடுவார்கள். நான் கேட்கவில்லை. எஞ்சின்காரர் வேலை எஞ்சின்காரருக்கு.

ஷெரிங்கத்துக்கும் ஹோல்டுக்கும் நடுவில் வேபோர்ன் என்று ஒரு ஸ்டேஷன். எதிரெதிர் வண்டிகள் அங்கேதான் விலகும். என் வண்டி நின்றபோது சிக்னல் அறையிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் ஒற்றைப் பாதைக்கான டோக்கன், நம் டப்ளட்டின் வேலையைச் செய்வது. ட்ரைவரிடம் நீட்டினார், பழையதை வாங்கினார், இருவரும் ஸ்டேஷன் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சரிபார்த்தார்கள். எனக்குக் கை துடித்தது. இறங்கிப் போய், இலங்கையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன், ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பட்டிப்பொல எவ்வளவு உயரம், அங்கே குளிருமா என்றெல்லாம் விசாரித்தார். கையிலிருந்ததை மட்டும் தரவில்லை.

நானாக இருந்தாலும் தந்திருக்கமாட்டேன்.